எண்ணெய் குடித்த குழாய்

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தது நாலு பேர். புல் தைலச் சங்கத்தின் தலைவர், அவருடைய அக்கா, பாய்லர்காரர், நான். வந்திருக்க வேண்டிய மூன்று பேர் வரவில்லை. சோதனையை நடத்திக் கையெழுத்துப் போட வேண்டிய எங்கள் இன்ஜினியருக்கு வேலூரிலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டது. சோதனை அறிக்கை கைக்கு வந்தால்தான் மலையேறுவேன் என்று இன்சூரன்ஸ்காரர் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ்காரர் ஏறினால்தான் தானும் ஏறுவதாக பாங்க்காரர் சொல்லியிருந்தார். இப்படி ஒருவருக்காக ஒருவர் கீழேயே தங்கிவிட, அறிக்கை எழுதுவதற்காக மேலே வந்து சேர்ந்தவன் நான் மட்டும்தான். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடும் தகுதி எனக்குக் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, கொதிகலன்களையும் ஆவிக் குழாய்களையும் சோதித்துச் சான்று தரும் வேலூர்க் கம்பெனி ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். அப்பா கண்ணமங்கலம் கூட்டுரோட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மலைக்குப் புறப்பட்ட காலையில், பையில் என்ன இவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தார். மூட்டை தூக்கும் கை, எடையைச் சட்டென்று கண்டுகொண்டது.

"இன்னாடா இது, இரும்பா?"

"விளக்குப்பா. பித்தளை. மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்துனா சீறிக்கிட்டு எரியும்."

"எதுக்கு?"

"குழாய்க்கு மேல சுத்தியிருக்கிற பஞ்சு நெருப்புல எரியுமா எரியாதான்னு பாக்கணும்."

அப்பா பையை இறக்கி வைத்தார். "அதுக்கா இத்தினி வருஷம் படிச்சே" என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திருப்பத்தூர் வரை பஸ். அங்கிருந்து மலைக்குப் போகும் பஸ் அன்றைக்கு ஓடவில்லை. பங்கு ஜீப்பில் ஆட்டுக்குட்டிகளுக்கும் உப்பு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மடியில் இருந்த விளக்கு விலாவில் இடித்தது. ஜீப் நின்ற இடத்திலிருந்து நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் நடை. ஓடைக்கல்லில் கால் வைத்து வைத்து ரப்பர் செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது யாராவது நாற்காலி போட்டால் போதும், மற்றதெல்லாம் நாளைக்கு என்றிருந்தது. நாற்காலி இல்லை. புல் கட்டின் மேல் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் எலுமிச்சை வாசனை மேலே எழும்பியது.

தலைவர் ஐம்பதைத் தொட்ட ஒல்லி மனிதர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

"வாங்க தம்பி. இன்ஜினியர் ஐயா பின்னால வர்றாருங்களா?"

"வரலிங்க. இடுப்புப் பிடிச்சுக்கிச்சு."

"அப்ப யாரு பாக்கறது?"

"நான்தாங்க."

அவர் என் கால் கட்டைவிரலையும் சணல் கயிற்றையும் பார்த்தார். அவருடைய அக்கா, பின்னால் நின்று புல் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர், மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார்:

"இந்தப் புள்ளையா? மீசையே இன்னும் கணக்கா மொளைக்கல."

பாய்லர்காரர் சிரித்தார். அவர் மலைக்காரர் இல்லை. கணியம்பாடிப் பக்கம் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்துவிட்டு இங்கே வந்தவர். என் ஊரைக் கேட்டதும் மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டார். "கண்ணமங்கலமா? அப்ப சாரு கீரு எல்லாம் வேணாம். வா நைனா, டீ துன்னுட்டு வேலையப் பாரு" என்றார். டீயைத் துன்னுவதா என்று அக்கா அவரை இடித்துக்கொண்டே போய் டீ கொண்டுவந்தார்.

சங்கத்தின் கதையைத் தலைவர் அந்த டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். சாமை விதைத்துக்கொண்டிருந்த சரிவுகளில் எலுமிச்சைப்புல் போடலாம், தைலம் காய்ச்சி விற்கலாம் என்று அக்கம்பக்கத்து இரண்டு ஊர்க்காரர்களையும் பேசிச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். முதல் வருடம் ஆவிக் குழாயின் மேல் தென்னங்கயிற்றைச் சுற்றி மண் பூசியிருந்தார்கள். மண் வெடித்து, கயிறு பொரிந்து, பாய்லரின் பொறி ஒன்று அதில் உட்கார்ந்து, கூரை எரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்சூரன்ஸ்காரர் சொன்ன ஒரே சொல்: குழாயின் உறை நெருப்பைத் தாங்கும் என்று சோதித்துச் சான்று கொண்டுவா. புல் வேகவைக்கும் கொப்பரை பாங்க் கடனில் வாங்கியது. இன்சூரன்ஸ் இல்லாமல் அதில் புல் ஏற்றக் கூடாது என்று பாங்க்கின் கட்டளை. சங்கம் வேலூரிலிருந்து கான்ட்ராக்டரை அழைத்துவந்து, கல்லை உருக்கி நூலாக இழுத்த பஞ்சைக் குழாய் முழுக்கச் சுற்றி, கம்பி வலை போட்டு, மேலே கித்தான் துணி தைத்தது. கம்பெனிக்காரர்கள் அதை ராக்வூல் என்பார்கள். மலையில் அதன் பெயர் கல்லுப் பஞ்சு.

"இந்த வருஷம் சாமை போடலிங்க தம்பி. யாருமே போடல. நான்தான் வாணாம்னேன்" என்றார் தலைவர். "புல்லு அறுத்தாச்சு. காய ஆரம்பிச்சா தைலம் காத்தோட போயிடும். இன்னும் ஒரு நாளோ ரெண்டு நாளோதான் தாங்கும். நீங்க இன்னிக்கே எழுதிக் குடுத்துட்டா, நானே எடுத்துக்கிட்டுக் கீழ எறங்கி, இன்ஜினியர் ஐயா கையெழுத்த வாங்கிடுவேன்."

கொட்டகையைச் சுற்றி அறுத்த புல் கட்டுக் கட்டாகக் குவிந்திருந்தது. கட்டுகளின் நுனி வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவர் கேட்டது ஒரு தாள். அதைக் கொடுத்துவிட்டுப் படுக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

பாய்லர் ஒரு கொட்டகையில், கொப்பரை தள்ளி இன்னொரு கொட்டகையில். நெருப்பும் தைலமும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அந்த ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவே தூண்களின் மேல் ஆவிக் குழாய் ஓடியது. அதன் அடியில் போய் நின்றபோதுதான் கவனித்தேன். கித்தான் துணி வெள்ளையாக இருக்க வேண்டும். அது தேன் நிறத்தில், மினுமினுத்துக்கொண்டு இருந்தது. தொட்டேன். விரல் ஒட்டி ஒட்டி விட்டது.

"இது இன்னாங்க, பெயின்ட்டா?"

"எண்ணெய் தம்பி" என்றார் தலைவர், கொஞ்சம் பெருமையோடு. "பேயெள்ளு எண்ணெய்."

மலையில் சாமைக்கு ஊடே விதைக்கும் கறுப்பு எள் அது. அதன் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. பூசி விட்டால் மற்ற எண்ணெயைப் போல ஒழுகிக்கொண்டே இருக்காது. காற்றுப் பட்டுக் காய்ந்து, வார்னிஷ் போலத் தோல் பிடிக்கும். அதனால் அங்கே புதிதாக எது வந்தாலும், கலப்பையோ உலக்கையோ கதவோ, முதலில் எண்ணெய் குடிக்க வேண்டும். குடித்த மரத்தைக் கரையான் தொடாது, மழை இறங்காது. எண்ணெய் காட்டாத புதுப்பொருளை ஒருவர் கண்ணில் படும்படி வைப்பதே மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். கித்தான் துணி அவர்கள் கண்ணுக்குப் பச்சை மரத்தைப் போலத்தான் இருந்திருக்கிறது. கரையான் மண்ணில் நட்ட தூண், அதன் மேல் வெறும் துணி. சோதனைக்கு வேலூரிலிருந்து ஆள் வருகிறது என்று சேதி வந்ததும் தலைவர் அக்காவிடம் சொல்ல, அக்கா இரண்டு ஊரிலும் வீடு வீடாகப் போய் எண்ணெய் சேர்த்திருக்கிறார். பெண்கள் ஏணி போட்டு ஏறி, பழந்துணியால் குழாய் முழுக்கத் தேய்த்துக் குடிக்க வைத்திருக்கிறார்கள். குடிக்கக் குடிக்க ஊற்றியிருக்கிறார்கள்.

"எத்தினி எண்ணெய் குடிச்சிது தெரியுமா" என்றார் அக்கா. "எங்க வூட்டுத் தேக்குக் கதவு கூட இத்தினி குடிக்கல."

குடிக்காமல் என்ன செய்யும். உள்ளே இருப்பது பஞ்சு.

மறுநாள் காலை சோதனை. கான்ட்ராக்டர் மிச்சம் வைத்துவிட்டுப் போன பஞ்சுத் துண்டு ஒன்று பாய்லர் கொட்டகைப் பரணில் கிடந்தது. முதலில் அதை எடுத்தேன். இடுக்கியில் பிடித்து, விளக்கைக் கொளுத்தி, நீல நாக்கை அதன் மேல் நிறுத்தினேன். பஞ்சு சிவந்தது. சிவந்தே இருந்தது. விளக்கை விலக்கியதும் சிவப்பு அடங்கி, சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. தீப்பிடிக்கவில்லை, புகையவில்லை, மறுபக்கம் கை வைத்துப் பார்க்கிற சூட்டில்தான் இருந்தது. பாய்லர்காரர் தொடையில் தட்டினார்.

"ஸோக்கா கீது. நம்ம ஊரு அரசியல்வாதி மாதிரி, எவ்ளோ சூடு வச்சாலும் ஒண்ணியும் ஆவல."

தலைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இருங்க" என்றேன். "குழாய் மேல இருக்கிறதுலயும் ஒரு துண்டு அறுத்துப் பாக்கணும்."

ஏணியில் ஏறி, குழாய் திரும்பும் வளைவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குத் துணியோடு பஞ்சை அறுத்து எடுத்தேன். கையில் பிசுபிசுத்தது. விளக்கைக் காட்டிய கணமே அது மஞ்சளாகப் பற்றிக்கொண்டது. விளக்கை விலக்கினேன். அது எரிந்தது. கீழே சொட்டுச் சொட்டாக நெருப்பு விழுந்தது. எண்ணெய் தீர்ந்து, துணி தீர்ந்து, கடைசியில் பஞ்சு மட்டும் கறுத்து மிஞ்சியது.

தலைவர்தான் முதலில் பேசினார். "எரிஞ்சது எண்ணெய் தம்பி. பஞ்சு எரியல. பாருங்க, பஞ்சு அப்பிடியே கீது."

"ஆமாங்க."

"அறிக்கை பாரத்துல இன்னா கேட்டிருக்காங்க? பஞ்சு எரியுமான்னுதானே?"

"சுத்தியிருக்கிற பொருள் நெருப்பைத் தாங்குமான்னு கேட்டிருக்காங்க."

"பொருள்னா பஞ்சு. தாங்குது. நீங்களே கண்ணால பாத்தீங்க. அப்ப எழுதுங்க."

அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். பரணில் கிடந்த துண்டைச் சோதித்தேன், தாங்கியது என்று எழுதினால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இருக்காது. பாரத்தில் இருந்த கேள்விக்கு அது போதும். எங்கள் கம்பெனியில் பாதிச் சான்றுகள் அப்படித்தான் போகும். மாதிரித் துண்டு மேஜைக்கு வரும், எரித்துப் பார்ப்போம், எழுதிக் கொடுப்போம், குழாய் எந்த ஊரில் ஓடுகிறது என்றுகூடத் தெரியாது.

"குழாய்க்குப் பக்கத்துல நெருப்பே வராதுங்க" என்றார் தலைவர். "அதுக்குத்தானே கொப்பரையத் தள்ளி வச்சோம். கூரைக்கும் தகரம் போட்டாச்சு. எண்ணெய் பத்தணும்னா யாராவது கொளுத்தணும். எவன் ஏணி வச்சு ஏறிக் கொளுத்தப் போறான்?"

எண்ணெயில் நனைந்த பஞ்சு, சூடான குழாயின் மேல் கிடந்தால், கொளுத்தாமலேயே தானாகச் சூடேறிப் பற்றக்கூடும் என்று வகுப்பில் ஒரு வரி படித்திருந்தேன். ஒரே ஒரு வரி. பரீட்சையில் கூடக் கேட்கவில்லை. அதைச் சொன்னேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தானா பத்துமா? அப்ப எங்க தலையில தெனம் தடவுறமே, அது பத்திக்கிச்சா? மெய்யாலுமே படிச்ச புள்ளதானா நீ? பத்திச்சின்னா அந்த நெருப்ப வாரி என் தலையில கொட்டு."

"கொட்டவே வாணாம் அக்கா, தானா பத்திக்கும், ஒரு மொடா எண்ணெய் கீது உன் தலையில" என்றார் பாய்லர்காரர். தலைவர் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் பள்ளத்திலிருந்து ஜீப்பின் ஹார்ன் கேட்டது. கீழே இறங்கும் ஜீப் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

"ஜீப் போயிடும் தம்பி" என்றார் தலைவர். பேனா இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "இப்ப எழுதுனா நாம ரெண்டு பேருமே எறங்கிடலாம். நாளைக்கு இன்சூரன்ஸ்காரரக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன்."

எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. இரவு புல் கட்டின் மேல் படுத்ததில் கழுத்து திரும்பவில்லை. ஜீப்பில் போனால் சாயங்காலம் வீட்டில் வெந்நீர் கிடைக்கும். இதில் வீரம் ஒன்றுமில்லை. எழுதியபின் என்றைக்காவது இந்தப் பக்கத்துச் சேதி பேப்பரில் வந்தால் படிக்க வேண்டியிருக்குமே என்ற அலுப்புதான் என்னை உட்கார வைத்தது.

"இன்னிக்கு ஒரு நாள் ஆவி விட்டுப் பாப்போங்க" என்றேன். "சாயங்காலம் வரைக்கும். ஒண்ணும் ஆகலைன்னா எண்ணெய் பூசியிருக்குன்னு ஒரு குறிப்பு போட்டு, தாங்கும்னு எழுதிடறேன்."

ஹார்ன் இரண்டு தடவை அடித்து, வளைவில் தேய்ந்து போயிற்று. தலைவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"சரி. ஆவி விடறதுதான் விடறோம், கொப்பரையில ஒரு நடை புல்ல ஏத்திடலாமா? விறகு வீணாப் போவுது பாருங்க."

"வேணாங்க. கொப்பரை காலியாத்தான் இருக்கணும். தைலம் இருக்கிற எடத்துல சோதனை பண்ணக் கூடாது."

"வெறும் ஆவிய காட்டுக்கு விடறதா?"

"ஆமாங்க."

"கவுருமென்டு வேலை மாதிரியே கீதே" என்று முணுமுணுத்துக்கொண்டு பாய்லர்காரர் விறகை அடுக்கப் போனார். ஈரச் சாக்குகளையும் ஒரு குவியல் மண்ணையும் குழாயின் அடியில் கொண்டுவந்து போடச் சொன்னேன். அக்கா, தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மண் சுமந்தார்.

பாய்லர் அழுத்தம் ஏறியதும் வால்வைத் திறந்தார்கள். ஆவி காலிக் கொப்பரைக்குள் போய், மேல்மூடி வழியாகச் சரிவைப் பார்த்து வெள்ளையாகக் கொட்டியது. வளைவில் நான் அறுத்த ஓட்டை வழியாக ஒரு தெர்மாமீட்டரைப் பஞ்சுக்கு நடுவில் செருகி வைத்தேன். இன்னொன்று குழாயின் இரும்பைத் தொட்டபடி. பிறகு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஏணியில் ஏறிப் பார்ப்பது, இறங்கி உட்காருவது. தலைவர் புல் கட்டுகளைப் புரட்டி நிழலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். வெயில் நகர நகர அவரும் கட்டுகளை நகர்த்தினார். இரண்டு ஊரிலிருந்தும் யாராவது வந்து எட்டிப் பார்த்து, "ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "ஆயிட்டிருக்குது" என்று அவர் ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

உச்சி சாய்ந்த பிறகு முறுக்கு சுடும் வாசனை வந்தது.

"பலகாரம் வாசனை" என்றார் அக்கா. "நெருப்பு வரல, தீவாளி வந்துடுச்சு." நாங்கள் எல்லோருமே சிரித்தோம். நான்கூட.

ஏறிப் பார்த்தேன். இரும்பு நூற்றைம்பது சொச்சம் காட்டியது. காலையிலிருந்து அதே அளவுதான். நடுப்பஞ்சு எப்போதும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், சூடு உள்ளேயிருந்து வெளியே வருவதால். அது இரும்பைத் தாண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதற்குள் இன்னும் ஏறியிருந்தது.

"அண்ணே, வால்வ மூடுங்க."

"ஏன், இன்னா ஆச்சு?"

"மூடுங்க."

மூடினார். கொப்பரையிலிருந்து கொட்டிய ஆவி நின்றது. தலைவர் ஏணியடிக்கு வந்தார். அவரை மேலே வரச் சொல்லி, நான் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டேன். அவருக்கு எண்கள் படிக்கத் தெரியும்.

"இது குழாய் சூடு. இது பஞ்சு சூடு" என்றேன். "ஆவி நின்னுபோச்சு. குழாய் எறங்குது பாருங்க."

இரும்பின் பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சின் பாதரசம் ஏறிக்கொண்டிருந்தது. ஆவி இல்லை, விளக்கு இல்லை, பக்கத்தில் ஒரு தீக்குச்சி இல்லை. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்ததால் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"யாரும் கொளுத்தலையே" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

வளைவில் துணி பழுப்பாகி, கறுத்து, நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குள் சிவப்பாக, பீடி நுனியைப் போல, ஒரு புள்ளி. காற்று அடித்தபோது அது பெரிதாகியது.

அதற்கப்புறம் எல்லாம் அவசரம். பாய்லர்காரர் ஈரச்சாக்கை வீசினார். சாக்குக்கு அடியிலேயே புகை அடுத்த முழத்துக்கு நகர்ந்தது. தலைவர் அரிவாளை வாங்கி, ஏணியில் நின்றபடியே துணியைக் கிழித்து, கம்பி வலையைப் பிய்த்து, பஞ்சைக் கையால் வாரிக் கீழே எறிந்தார். விழுந்த ஒவ்வொரு கவளத்தின் மேலும் அக்கா மண் போட்டார். கொப்பரைக் கொட்டகையைத் தொடுமுன் நிறுத்த வேண்டும் என்று நான் அந்தக் கோடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தேன். வளைவும் அதற்குப் பிந்திய பாதியும் மட்டும்தான் புகைந்தது. ஆனால் தலைவர் நிறுத்தவில்லை. புகையாத பாதியையும் கிழித்தார். இரும்பு முழுக்க வெளியே தெரிந்த பிறகுதான் இறங்கினார். இடது உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது.

புகை அடங்கியதும் நால்வரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். கொப்பரையில் புல் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பாய்லர்காரர் மட்டும் காலிக் கொப்பரையை ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பீடியை எடுத்து, கொளுத்தாமல் திரும்பப் பையில் வைத்தார்.

அக்காதான் பேசினார். "வூட்டுக்கு ஒரு ஆழாக்குன்னு கேட்டேன். ஒருத்தி கொழந்த தலைக்குத் தடவ வச்சிருந்ததக் குடுத்தா. நல்லதுன்னுதானே செஞ்சோம்."

"நான்தான் சொன்னேன்" என்றார் தலைவர். "நீ செஞ்சே."

"மரத்துக்கு நல்லதுதான் அக்கா" என்றேன். என் சொல் அவர்களுக்கு ஆறுதலாகவும் இல்லை, பாடமாகவும் இல்லை. அக்கா எழுந்து போய் எண்ணெய் கொண்டுவரக் கை நீட்டி, நின்று, தம்பியின் உள்ளங்கைக்குத் தண்ணீரை மட்டும் ஊற்றினார்.

சாயங்காலம் இரண்டு ஊர்க்காரர்களும் வந்தார்கள். தலைவர் அவர்களிடம் நீட்டி முழக்கவில்லை. வெறும் குழாயைக் காட்டினார். "இந்த அறுப்பு போச்சு. அடுத்த அறுப்புக்குள்ள வேற பஞ்சு சுத்திடலாம். அதுக்கு மேல தகரம், எண்ணெய் கிடையாது" என்றார். கூட்டத்தில் ஒருவர், "சாமையாவது போட்டிருக்கலாம்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, சண்டைக்கும் சொல்லவில்லை. தலைவர் கேட்டுக்கொண்டார்.

நான் எழுதிய அறிக்கை ஒரு பக்கம். கல்லுப் பஞ்சு நெருப்பைத் தாங்கும். எண்ணெய் ஊறினால் அந்த உறை தாங்காது, தானே பற்றும். உறையின் மேல் எண்ணெய் படாதபடி தகடு போட வேண்டும். வேலூரில் எங்கள் இன்ஜினியர், இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அதை இரண்டு முறை படித்தார்.

"உன்னை யாருப்பா ஆவி விட்டுப் பாக்கச் சொன்னது? பாரத்துல அந்தக் கட்டமே இல்லையே."

"இல்லைங்க சார்."

"மாதிரித் துண்டு தாங்குச்சுல்ல?"

"தாங்குச்சு சார்."

"எழுதியிருக்கறது சரிதான். ஆனா கேக்காத கேள்விக்கு பதில் எழுதியிருக்கே" என்று சொல்லி, பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டார். வீட்டில் அப்பா, பஞ்சு எரிந்ததா என்று கேட்டார். எரிந்தது என்றேன். "அப்ப உன் வேலை முடிஞ்சுது" என்றார். அவரைப் பொறுத்தவரை கேள்வி அதோடு தீர்ந்தது. மலையில் போன அறுப்பு என்ற மூட்டையை எனக்கு எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த அறுப்புக்கு முன்னால் இன்னொரு முறை போனேன், இந்தத் தடவை இன்ஜினியரோடு. குழாய் தகடு போர்த்தி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. இன்சூரன்ஸ்காரரும் வந்திருந்தார், பாங்க்காரரும் வந்திருந்தார். கைகுலுக்கும்போது தலைவர் வலது கையை மட்டும் நீட்டினார், தழும்பு பிடித்த இடது கையை மடக்கியே வைத்திருந்தார். போன முறை காய்ந்துபோன புல்லை அக்கா வீணாக்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்குக் கூரை வேய்ந்திருந்தார். மழை பெய்தால் இன்னமும் எலுமிச்சை வாசனை வரும், மாடுகளுக்குத்தான் சுகம் என்றார். தகட்டைச் சுட்டிக்காட்டி, "இதுக்கு ஒண்ணும் குடிக்க வாணாமில்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"வாணாம் அக்கா."

புதுப் பஞ்சுக்கும் தகட்டுக்கும் சங்கத்தில் பணம் இருக்கவில்லை. இரண்டு ஊர்ப் புளியமரங்களின் அந்த வருடக் காய்ப்பைப் பூவிலேயே திருப்பத்தூர் வியாபாரிக்குக் குத்தகை பேசி விட்டிருந்தார்கள். ஒரு மரமும் மிச்சமில்லை, குழம்புக்குப் புளியைச் சந்தையில்தான் வாங்குகிறோம் என்று பாய்லர்காரர் சொன்னார். போன புல்லை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆழாக்கு ஆழாக்காக வந்த எண்ணெயையும் சேர்க்கவில்லை, அது வீட்டுப் பொருள். பஞ்சு, தகடு, மலைக்கு ஏற்றிய கூலி, கான்ட்ராக்டர், இரண்டாம் முறை சோதனைக்கு எங்கள் கம்பெனி வாங்கிய கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆனது நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.